மூத்த வீட்டு ராஜா

உத்திரமேரூர் ஏரி நிரம்பிக் கலங்கல் போன வருஷம் அது. எழுபத்தெட்டு, மாசி மாதம். களத்தில் நெல் குவிந்திருந்தது. ஊர்க்காரர்களுக்கு மனசில் கொஞ்சம் திமிரும் ஏறியிருந்தது. கெங்கையம்மன் திருவிழாவுக்கு வெளியூர் நாடக செட்டைக் கூப்பிடுவானேன், நம்ம பிள்ளைகளே சரித்திர நாடகம் போடட்டும் என்று முடிவு செய்தார்கள். நாடகம் பழக்கத் தென்னேரியிலிருந்து இருசப்பன் வாத்தியார் ஆர்மோனியப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

அந்த முடிவால் தூக்கம் கெட்டது பவளத்துக்குத்தான். அவளுக்கு நாடகத்தில் வேஷம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தான். அவளுடைய ஓரகத்தி கனகாவுக்கும் ஒரு பிள்ளை இருந்தான். அது போதாதா?

பவளம் வரதனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், வீட்டுக்கு மூத்த மருமகள். இரண்டு வருஷம் கழித்து வரதனின் தம்பிக்கு ஐயங்கார்குளத்திலிருந்து கனகா வந்தாள். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் பவளத்துக்கு இன்னும் அணையவில்லை. கனகாவின் பசு கிடாரி போடும், பவளத்தின் பசு காளைக்கன்று போடும். கனகா நட்ட முருங்கை காய்த்துத் தொங்கும், பவளம் நட்டதில் கம்பளிப்பூச்சி தொங்கும். பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியும் பிரயோஜனம் இல்லை. அந்தப் பக்கம் தாளிக்கிற வாசனை வந்தால் இந்தப் பக்கம் பவளத்துக்குத் தன் குழம்பே ருசிக்காது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால் கனகாவுக்குப் பொறாமை என்பதே கிடையாது. பவளம் புதுப்புடவை கட்டினால், "அக்கா, உனுக்கு எடுப்பா கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். எதிராளிக்கும் பாதியாவது எரிந்தால்தானே சண்டை சமமாக இருக்கும்? ஒருத்தியாகத் தனியாக எரிந்துகொண்டிருப்பது எவ்வளவு சிரமம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கோயில் வாசலில் வேஷம் பிரிக்க உட்கார்ந்தார்கள். வாத்தியார் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "தவளகேது மகாராஜா நாடகம். முக்கியமா ஒரு ராஜா, ஒரு இளவரசன், ஒரு மந்திரி. மொதல்ல கதைய சொல்லிடறேன், அப்பால வேசம் பிரிப்போம்" என்று ஆரம்பித்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பவளம் எழுந்துவிட்டாள்.

"கத கெடக்கட்டும் வாத்தியாரே. ராஜா வேசம் ஆருக்கு?"

"அதாம்மா, கதைய கேட்டுட்டு..."

"ஆடி மாசம் கூழு ஊத்துனா மொத செம்பு எங்க வூட்டுக்கு. பொங்க வெச்சா மொத படி எங்க வூட்டுக்கு. மடை தொறந்தா மொத தண்ணி எங்க கயனிக்கு. மூத்த வூடு நாங்க கல்லாட்டம் கீறப்ப, ராஜா வேசம் மட்டும் வேற வூட்டுக்குப் பூடுமா? ஊரு ஞாயத்த சொல்லுங்க."

பெரியவர்கள் தாடையைச் சொறிந்தார்கள். முதல் மரியாதை மூத்த வீட்டுக்கு என்பது பாட்டன் பூட்டன் காலத்து ஏற்பாடு. ராஜா வேஷமும் ஒரு மரியாதைதானே? கனகாதான் பதில் சொன்னாள்.

"அக்கா சொல்றது கரீட்டு. வீராசாமியே ராஜாவா இருக்கட்டும். பாக்கவும் ராஜாவாட்டம்தான் கீறான்."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பவளத்தின் முகத்தைப் பார்த்தார். வெற்றிலையை மறு பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு, "செரி, அம்மா ஆசப்படுது" என்று முடித்துவிட்டார். மிச்சம் இருந்த இளவரசன் வேஷம் கனகாவின் மகன் சின்னராசுக்குப் போயிற்று. மந்திரி வேஷத்தை டீக்கடை கோபால் வாங்கிக்கொண்டான். மிச்சம் மீதி இளைய வீட்டுக்கு என்று பவளத்துக்கு மனசு குளிர்ந்தது.

வீராசாமிக்குப் பத்தொன்பது வயசு. ஆள் வைக்கோல்போர் மாதிரி இருப்பான், பேச்சு மட்டும் வராது. அம்மா கிணற்றில் குதி என்றால், எந்தக் கிணறு என்று கேட்டுக்கொண்டு குதிக்கிற பிள்ளை. சின்னராசு அவனுக்கு ஒரு வயசு இளையவன், ஒல்லி, துறுதுறுப்பு, தொண்டையில் தேன். அண்ணனும் தம்பியும் நடுச்சுவரை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒரே சைக்கிளில் சுற்றினார்கள். பவளத்துக்கு அதுவும் ஆகாது.

அன்றிலிருந்து பவளத்தைப் பிடிக்க ஆளில்லை. உத்திரமேரூர் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் எல்லாம், "எம்மவன்தான் ராஜா" என்றாள். அவள் ஊர் பேர் தெரியாதவளாக இருந்தாலும் விடவில்லை. பிள்ளைக்குக் காலையில் முட்டை, சாயங்காலம் முட்டை. ராஜா மெலிந்திருந்தால் யார் மதிப்பார்கள்?

ஒத்திகை நெல் மிஷின் களத்தில் பொழுது சாய்ந்ததும் நடக்கும். போன சுருக்கில் வீராசாமி திரும்பி வந்துவிடுவான்.

"இன்னாடா, அதுக்குள்ள வந்துட்ட?"

"என் வேல முடிஞ்சிபூட்ச்சிம்மா."

"அவன்?"

"அவனுக்கு இன்னும் கீது."

மக்குப் பிள்ளைக்குத்தான் பாடம் ஏற நேரமாகும் என்று பவளம் தனக்குள் சிரித்துக்கொண்டாள். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னராசு காலையில் ஒரு பாட்டு, மாலையில் ஒரு பாட்டு என்று புதிது புதிதாகப் பாடிக்கொண்டிருந்தான். தெருவில் போகிற பெண்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். இந்தப் பக்கத்தில் ராஜா முட்டையைத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டார்.

ஒரு நாள் பவளம் ஒரு தூக்கு நிறைய சுண்டலை எடுத்துக்கொண்டு, மகன் ராஜாவாக இருக்கிற அழகைக் கண்ணாரப் பார்க்க மிஷின் களத்துக்கே போய்விட்டாள்.

வீராசாமி ஒரு நெல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். "யாரங்கே!" என்றான். அது நன்றாகத்தான் இருந்தது. ஒரு பாட்டுப் பாடினான், பாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் மந்திரி கோபால் பின்னாலிருந்து பூனை மாதிரி வந்து, மரக்கத்தியால் அவன் விலாவில் ஒரு குத்துக் குத்தினான். வீராசாமி "ஆ!" என்று சொல்லி மூட்டையிலிருந்து பொத்தென்று விழுந்தான்.

"நல்லா வியுந்த. அடுத்தது இளவரசன், வா!" என்றார் வாத்தியார்.

செத்துப்போன ராஜா எழுந்தார். மண்ணைத் தட்டினார். சின்னராசின் இடுப்பில் பொய்க்கால் குதிரையைத் தூக்கிக் கட்டிவிடப் போனார்.

பவளத்துக்குக் கையிலிருந்த தூக்கு கனத்தது.

"எம்மவன் மறுபடி எப்ப வருவான் வாத்தியாரே?"

"செத்தவன் எப்படிமா வருவான்?"

"கடசீலயாச்சும்?"

"கடசீல இளவரசனுக்குப் பட்டாபிசேகம். ராஜா செத்தாத்தாம்மா இளவரசனுக்குக் கதையே. பறக்குற குதிர ஏறி, ஏழு மலை தாண்டி, கந்தர்வன் கையில வாளு வாங்கி, அப்பன கொன்ன மந்திரிய பழி தீக்குறான். நடுவுல பூதத்த அடக்குறான், ஒரு ராஜகுமாரியக் கட்டிக்கிறான். அன்னிக்கே சொல்ல வந்தேன். கத கெடக்கட்டும்னு நீதான் சொன்ன."

"மாத்திடு. எம்மவன் இளவரசனா இருக்கட்டும்."

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "மாத்தலாம். ஆனா ராஜா வேசம் மூத்த வூட்டு மரியாதன்னு ஊரு கூடி முடிவாயிப்பூட்ச்சி. இப்ப அத எளைய வூட்டுக்குக் குடுத்தா, நீயா மரியாதைய வுட்டதா ஆயிடும். அப்பால மொத கூழு, மொத பொங்கலு, மடைத்தண்ணி எல்லாம் அந்தப் பக்கம் பூடும். யோசிச்சிக்கினு சொல்லு."

யோசிக்க என்ன இருக்கிறது? புலிவாலைப் பிடித்த கதைதான். பிடித்திருக்கவும் முடியாது, விடவும் முடியாது. சண்டை போட்டு வாங்கிய வேஷத்தைத் தன் வாயாலேயே வேண்டாம் என்றால் ஊர் சிரிக்கும். அதைவிட, கனகா "பரவால்ல அக்கா" என்று சொல்லுவாள். அந்தப் "பரவால்ல"வைப் பவளத்தால் தாங்க முடியாது.

வீட்டுக்கு வந்து சுண்டலை மாட்டுக்குக் கொட்டினாள்.

"அண்ணன் எப்ப சாவான், திண்ண எப்ப காலியாவும்னு காத்துக்கினு கீறானுங்க" என்று புருஷனிடம் பொரிந்தாள்.

"அடியே, நாடகம்டி அது" என்றான் வரதன். "கோபால் கையில கீறது மரக்கத்தி. அதுக்கு உன் ரத்தம் இன்னாத்துக்குக் கொதிக்குது?"

கொதித்தது. பகலெல்லாம் கொதித்தது. கிணற்றடியில் பெண்கள் சின்னராசின் குதிரைப் பாட்டை முணுமுணுத்தபடி தண்ணீர் இழுத்தார்கள். ஒருத்தியாவது ராஜாவின் பாட்டைப் பாடவில்லை. குதிரைக்கு ஜிகினாத் தாள் ஒட்ட வாண்டுகள் கனகா வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்றன. பவளம் சாணி தெளிக்கிற சாக்கில் தினமும் அதை எட்டிப் பார்த்தாள். தினமும் அந்தக் குதிரை இன்னும் கொஞ்சம் மினுங்கியது. ஒரு நாள் ராத்திரி மாடு அவிழ்ந்து போய் அந்தக் குதிரையை மிதித்துவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தாள். நினைத்ததோடு சரி, மாட்டை அவிழ்க்கத் தைரியம் வரவில்லை.

நாடகத்துக்கு முதல் நாள் கனகா வந்து நின்றாள். கையில் மாம்பழக் கலர் பட்டு, அவளுடைய கல்யாணக் கூறைப்புடவை. காஞ்சிபுரத்தில் அவள் அப்பன் தறிக்காரனிடம் சொல்லி நெய்தது.

"ராஜாவுக்குப் பின்னால போத்திவுட நல்லதா ஒன்னும் கெடைக்கலன்னு வாத்தியாரு சொல்லிக்கினு இருந்தாரு. இத போத்தி வுடுக்கா. நம்ம புள்ளைக்கு ஜம்முனு இருக்கும்."

"மண்ணுல வியறவனுக்குப் பட்டு எதுக்கு?" என்றாள் பவளம்.

"வியுந்தா இன்னாக்கா, தொவச்சிக்கலாம்."

இவளுக்கு எப்படித்தான் வயிறு எரியாமல் இருக்கிறதோ! பிள்ளை ஜெயிக்கிற தெம்பு, வேறென்ன என்று பவளம் முடிவு கட்டினாள். அந்தப் பட்டை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். விடிந்தபோது அவளுக்கு வழி கிடைத்துவிட்டது.

காலையில் மகனை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"எந் தலமேல கைய வையி."

"இன்னாத்துக்கும்மா?"

"வையிடா. கோபால் குத்துவான் இல்ல? நீ வியக்கூடாது. சாவ மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"வாத்தியாரு திட்டுவாரேம்மா."

"அவரா உன்னப் பெத்தாரு?"

"சாவாம இன்னாம்மா பண்றது?"

"ராஜாவாட்டம் இரு."

அதற்கு மேல் அவளும் யோசித்திருக்கவில்லை. ராஜா செத்தால்தானே சின்னராசுக்குக் கதை? சாகாவிட்டால் கதை தன் பிள்ளையையே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது அவள் நினைப்பு. வீராசாமி கையை வைத்தான். தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் தலைக்குடையவளின் உயிர் போய்விடும் என்று தாய்ப்பாலோடு சேர்த்து அவனுக்கு ஊட்டியவளே அவள்தான்.

ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பரீட்சை சமயம் என்பதால் நாடகத்தைப் பொழுதோடு ஆரம்பித்துவிட்டார்கள். கோயில் எதிரே பந்தல், மேலிருந்து தொங்குகிற மைக், வாடகை ஜெனரேட்டரின் கடகட சத்தம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் பவளம் உட்கார்ந்தாள். கனகா அவளை ஒட்டி உட்கார்ந்து முறுக்கை நீட்டினாள். பவளம் வாங்கவில்லை.

கட்டியக்காரன் வேஷத்தில் வாத்தியாரே வந்து ராஜா வருகிறார் என்று கூவிவிட்டு, ஆர்மோனியத்தின் முன்னால் போய் உட்கார்ந்தார். திரை விலகியது. முகத்தில் ரோஸ் பவுடர், தலையில் கிரீடம், தோளிலிருந்து தரை வரைக்கும் வழிகிற மாம்பழப் பட்டு. கூட்டம் "ஓ!" என்றது. வீராசாமி நிஜமாகவே தவளகேது மகாராஜாவாக இருந்தான். பவளத்துக்குக் கண் கலங்கியது. என் வயிற்றில் பிறந்தது இது, என் வீட்டு ராஜா இது என்று நெஞ்சு விம்மியது.

பாட்டு முடிந்தது. கோபால் பூனை நடை நடந்து வந்தான். கத்தியை ஓங்கினான்.

"ஒழிந்தாய் தவளகேது!" என்று குத்தினான்.

"ஆ!" என்றான் வீராசாமி. விழவில்லை.

ஆர்மோனியம் சோகராகத்தை ஆரம்பித்துவிட்டு நின்றது. கோபால் ஒரு நொடி விழித்துவிட்டு மறுபடி குத்தினான். ராஜா இரண்டு கையாலும் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டார். கோபால் பின்னால் குத்தினான், முன்னால் குத்தினான். மரக்கத்தி முனை மழுங்கிப்போயிற்று. பக்கத்துத் தட்டியிலிருந்து இடுப்பில் குதிரையோடு சின்னராசு எட்டிப் பார்த்தான்.

பவளம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குதிரை உள்ளேயே நிற்கிறது! அவள் கையே கனகாவின் முறுக்கை எடுத்துக் கடித்தது.

அந்த முறுக்கைத் தின்று முடிக்கிற வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். முதலில் ஒருவன் சிரித்தான். அப்புறம் ஆண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. கோபாலும் சாமர்த்தியசாலி, "கத்தியில் சாகாத உன்னை நஞ்சில் முடிக்கிறேன்!" என்று சமாளித்து, உள்ளே ஓடி ஒரு கோலி சோடாவைக் கொண்டுவந்து நீட்டினான். ராஜாவுக்குத் தாகம். ஒரே மூச்சில் குடித்தார். ஏப்பம் விட்டார். மைக் அந்த ஏப்பத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோயிற்று. ஆனால் சாகவில்லை.

"இன்னா ராஜாவே, இன்னும் உசுரு போவலியா?" என்று ஒருவன் கத்தினான்.

"முட்ட துன்ன ஒடம்புடா, லேசுல போவாது!"

"சாவுடா! செத்துத் தொலடா, குதிர வரட்டும்!"

அப்புறம் ஒரு தாளம் சேர்ந்துவிட்டது. விசில், கைதட்டல், நடுவே "சாவு! சாவு!" என்று நூறு வாய். ரொம்பப் பேருக்கு அது விளையாட்டுத்தான். ஆனால் பெற்ற வயிற்றுக்கு விளையாட்டு ஏது? பவளத்தின் வாயில் முறுக்கு மண்ணாகிப்போயிற்று. ஊரே கூடி நின்று, தன் ஒற்றைப் பிள்ளையைச் சாகச் சொல்லிக் கைதட்டுகிறது. அவன் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ரோஸ் பவுடரில் இரண்டு கோடாகக் கண்ணீர் இறங்குகிறது.

கனகா எழுந்துவிட்டாள்.

"வாயில நல்ல வார்த்தையே வராதாடா உங்களுக்கு? வளர்ற புள்ளையப் பாத்து எந்த நாக்குடா அப்பிடி சொல்லுது? எவன்டா அவன், முன்னால வாடா!" என்று ஆண்கள் பக்கம் திரும்பி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள். பவளம் அவளை அப்படிப் பார்த்ததேயில்லை. தனக்காக ஒரு நாளும் குரல் உயர்த்தாதவள் அவள்.

சத்தம் கொஞ்சம் அடங்கியது. வாத்தியார் மேடைக்கு வந்து, கட்டியக்காரன் கோலத்திலேயே வீராசாமியின் காதருகே குனிந்தார். மைக் தலைக்கு மேல் தொங்குகிறது என்பதை இரண்டு பேரும் மறந்துபோனார்கள்.

"இன்னாடா நைனா ஆச்சி? வியேன்டா."

"வியமாட்டேன் வாத்தியாரே."

"ஏன்டா?"

"நான் செத்தா எங்கம்மா செத்துப்பூடும். தலமேல சத்தியம் பண்ணிக் குடுத்துகீறன்."

மைக் அதையும் ஊர் முழுக்கக் கொண்டுபோயிற்று. வண்டிமேல் உட்கார்ந்திருந்தவர்கள்கூடப் பெண்கள் பக்கம் திரும்பினார்கள். அவ்வளவு முகங்களும் பவளத்தையே பார்த்தன. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பக்கத்தில் நின்ற கனகாவும் அவளைப் பார்த்தாள். கனகாவுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் சுருங்கிப்போயிற்று.

"இதுக்கா அக்கா?" என்றாள் மெதுவாக. "வேசத்த கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனே."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பவளத்துக்கு இருந்தது. ஆனால் மேடையில் பிள்ளை நிற்கிறானே. அவளைத் தவிர அவனை யாராலும் இறக்கிவிட முடியாது. எழுந்தாள். கனகாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தியத்த எடுத்துக்கினேன்டா!" என்று கத்தினாள். தன் தலையைத் தொட்டு, கையை உதறிக் காட்டினாள். "எடுத்துட்டேன்! வுடு!"

வீராசாமி சிம்மாசனத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் தன்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினான்.

"உனுக்கு ஒன்னும் ஆவாதே?" என்று மேடையிலிருந்து கேட்டான்.

"ஆவாதுடா."

"அப்ப வாயால சொல்லு."

பெற்ற வாயால் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஊரார் சொன்னபோதே நெஞ்சைக் கிழித்த வார்த்தை. மூன்று வாரமாக அவள் வயிற்றில் எரிந்த நெருப்பெல்லாம் இந்த ஒரு வார்த்தையைச் சுட்டெடுக்கத்தான் எரிந்ததா?

"செத்துப்போடா நைனா" என்றாள். குரல் வரவில்லை. மறுபடி கத்தினாள். "நாஞ் சொல்றேன், செத்துப்போடா என் ராஜா!"

வீராசாமி சிம்மாசனத்தை விட்டான். கோபால் குத்தக்கூட இல்லை. அப்படியே பொத்தென்று விழுந்தான். மாம்பழப் பட்டு அவன்மேல் சரிந்தது.

பவளம் "ஐயோ!" என்று அலறிய அலறல் நாடகத்தில் இல்லாதது. கனகா சட்டென்று தன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினாள். "சொல்லாத, சொல்லாத. த்தூ, த்தூ, த்தூ" என்று மண்ணில் துப்பினாள். காலடி மண்ணை ஒரு பிடி அள்ளி, மேடைப் பக்கம் காட்டி மூன்று சுற்றுச் சுற்றித் தூரப் போட்டாள். அப்புறம் பவளத்தை இழுத்துத் தன்னோடு சேர்த்து உட்காரவைத்துக்கொண்டாள்.

சின்னராசு வந்தான். குதிரையில் வரவில்லை. குதிரையை உள்ளேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு, வெறும் காலோடு ஓடி வந்து அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். தகப்பனை இழந்த இளவரசன் பாட வேண்டிய பாட்டு அங்கே இருந்தது. அதைத்தான் பாடினான். ஒத்திகையில் துள்ளிக்கொண்டு வந்த குரல் அன்றைக்கு உடைந்து உடைந்து வந்தது. சற்றுமுன் "சாவு! சாவு!" என்று கைதட்டியவர்கள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள், அடுத்தவள் சேர்ந்துகொண்டாள், கொஞ்ச நேரத்தில் வரிசை வரிசையாக அழுதார்கள். இழவு வீட்டில்கூட அப்படி ஒரு அழுகையைப் பவளம் கேட்டதில்லை. எல்லாம் அவள் பிள்ளைக்காக.

பவளம் ஓரக்கண்ணால் கனகாவைப் பார்த்தாள். கனகாவின் கன்னத்திலும் தண்ணீர். இந்த நேரத்திலும் பாழும் மனசு கேட்காமல் இருக்கவில்லை.

"எம்மவன் செத்ததுக்கு அயுவுறியா, உம்மவன் பாட்டுக்கு அயுவுறியா?"

கனகா மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"பாட்டு இன்னா பெரிய பாட்டு. புள்ள அசையாம கெடக்குறான் பாருக்கா. மூச்சு வுடறானான்னே தெரியல. எனுக்குப் பயமா கீது."

இரண்டு பேரும் பாட்டை விட்டுவிட்டு அந்தப் பட்டையே பார்த்தார்கள். அது ஏறுகிறதா, இறங்குகிறதா? ஜெனரேட்டர் வெளிச்சம் ஆடுகிற ஆட்டத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. கனகாவின் விரல்கள் பவளத்தின் மணிக்கட்டை இறுக்கின.

அப்போது சின்னராசின் மடியில் கிடந்த தவளகேது மகாராஜாவின் தலை மெல்லப் பெண்கள் பக்கம் திரும்பியது. கிரீடத்துக்குக் கீழே ஒற்றைக் கண் மட்டும் திறந்தது. கூட்டத்தில் அங்கும் இங்கும் தேடியது. அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்தது.

பவளம் கையை உயரத் தூக்கி ஆட்டிக் காட்டினாள். ராஜா கண்ணை மூடிக்கொண்டார்.